தொண்ணூற்றொன்பது என்றால் பதிலில்லை

தொண்ணூற்றொன்பதாவது பிறந்தநாளன்று பேராசிரியர் டோர்லைவ் மிக்லபுஸ்ட் பதில் சொல்லாதவராகிப் போனார்.

நார்வேயின் பெர்கன் நகரில் எங்கள் சமூகவியல் துறைக்குக் கணினியைக் கொண்டுவந்தவர் அவர். கணினிக்கு அட்டையில் துளையிட்டுத் தகவல் கொடுத்த காலத்தில் படிவங்களைப் படிக்க ஒரு நிரல் எழுதினார். வயதுக்கு இரண்டு இலக்கம். வயதைச் சொல்லாதவர்களுக்கு 99; அந்த எண் வந்தால் படிவத்தில் எதற்குமே பதிலில்லை என்று கணக்கு. தொண்ணூற்றொன்பது வயதில் யார் படிவம் நிரப்பப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். பதில் சொல்லாதவர்களுக்கு, அவர்களோடு மிகவும் ஒத்துப்போகிறவரின் பதில்களை நிரல் நிரப்பிவிடும்.

ஓய்வுபெற்றவர்களில் அடுத்த ஆண்டும் யாருக்கு அறை என்பதை இன்றும் அதுதான் முடிவுசெய்கிறது. துறை அலுவலகத்தில் வேலைபார்க்கும் நான்தான் இந்த ஆண்டு முடிவை முதலில் பார்த்தேன்.

"டோர்லைவ், உங்களுக்கு அறை வேண்டாமாம்."

"யார் சொன்னது?"

"நீங்கதான். அதாவது, யோருன்."

யோருன் ஓய்வுபெற்ற பேராசிரியை. டோர்லைவோடு நாற்பது வருடமாகச் சண்டை; ஆனால் நிரலின் கணக்கில் அவரோடு மிகவும் ஒத்துப்போகிறவளும் அவள்தான்.

"வயசை தொண்ணூத்தெட்டுன்னு போட்டுடலாமா?"

"பொய்த் தகவலா? என்கிட்டயா?"

"அப்போ நிரலை மாத்திடலாம்."

"அம்பது வருஷ முடிவெல்லாம் கோணிப்போகும்."

மனைவி போன பிறகு அவர் வீட்டில் குளிர்பெட்டி மட்டும்தான் பேசுகிறது. அந்த அறை இல்லாவிட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. போனை எடுத்தார். அவருக்குக் காது மந்தம் என்பதால் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார்; இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"யோருன், உனக்கு அறை வேணும்னு எழுது."

"எனக்கெதுக்குடா? அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே குமட்டுது."

"உனக்கில்ல, எனக்கு."

"நீயே எழுதிக்க வேண்டியதுதானே?"

"எழுதினேன். ஆனா நான் பதில் சொல்லலையாம்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

"ஏன் கிழவா, என்னைப் பொய்த் தகவல் குடுக்கச் சொல்றியா?"

டோர்லைவின் முகம் சிவந்தது.

"நெஜமாவே விரும்பிட முடியாதா? திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

வெள்ளிக்கிழமை, துறையில் வாரந்தோறும் வாஃபிள் அப்பம் சுடும் நேரத்துக்கு யோருன் வந்தாள். பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் ஒன்றோடு அவர் அறையில் உட்கார்ந்து, அந்த அறையை விரும்ப முடிகிறதா என்று பார்த்தாள். வெளியே மழை. சூத்திரங்களைப் பற்றி இரண்டு முறை சண்டை போட்டார்கள். நான்கு மணிக்குப் படிவம் கேட்டாள்.

"வேணும். ஆனா ஜன்னலோரம்."

நிரல் அவளுடைய பதிலை அவருக்கும் நிரப்பியது. இருவருக்கும் அறை, இருவருக்கும் ஜன்னலோரம். துறையில் மிச்சமிருந்ததோ ஒரே அறை, ஒரே ஜன்னல்.

திங்கட்கிழமை அவள் மேசையை டோர்லைவின் ஜன்னலோரத்துக்கு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன்.

"இன்னும் கொஞ்சம் நகருடா, கிழவா."

"நகர்ந்தா வெளிய விழுந்துடுவேன்."

"பரவாயில்ல, நகரு."

அவர் நகர்ந்தார்.