மச்சான் வாசித்த ஆய்வு

பதுளையில் தமிழில் நடந்த அறிவியல் மாநாட்டில் சிவானுஜா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் முதல் படம் விழுந்தது. தலைப்பு அவளுடைய ஆய்வினது. கீழே ஒரே பெயர்தான், மேடையில் வாசிக்க நின்ற துஷாந்த்.

துஷாந்த் அவளுடைய மாமன் மகன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டுப் பிள்ளை, ஒரே பல்கலைக்கழகம், வருகிற தையில் நிச்சயம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, "ரெண்டு பேரு பேரையும் போட்டு நானே அனுப்பிடுறேன்" என்று கட்டுரை, கணக்கு எல்லாவற்றையும் வாங்கிப் போனான். அவள் தயங்கத்தான் செய்தாள். "மாமன் மகன்கிட்ட என்னடி ஒளிவு மறைவு?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். சுருள் விண்மீன் மண்டலங்களில் மெல்லிய வாயு பரவிக் கிடக்கிறது. அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து, அதை மினுங்க வைப்பது எது? இளம் நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களிலிருந்து கசிகிற புற ஊதா ஒளி என்பார்கள். சுருள்களுக்கு நடுவே மங்கலான இடங்களில் அது மட்டும் போதவில்லை, சாகப்போகும் காலத்தில் சூடேறிய கிழட்டு நட்சத்திரங்களும் கைகொடுக்கின்றன என்று மண்டையை உடைத்துக் கண்டவள் சிவானுஜா. கைதட்டல் மட்டும் அவனுக்கு.

பேராசிரியை ஜீவராணி எழுந்தார். "வாயுவோட ஹைட்ரஜன் கோட்டு வெளிச்சத்தைக் கிழட்டு நட்சத்திரங்களோட ஒளி கொஞ்சம் குறைச்சுக் காட்டும். அதைச் சரி பண்ணலைன்னா அதுங்களோட பங்கு கூடித் தெரியுமே தம்பி. பண்ணுனீங்களா?"

துஷாந்த் திரையைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பிழையைச் சிவானுஜா போன வாரம்தான் கண்டு திருத்தியிருந்தாள். கிழட்டு நட்சத்திரங்களின் பங்கு பாதியானது, ஆனாலும் முடிவு நின்றது. இன்று சாப்பாட்டு வேளையில் மச்சானிடம் ஆசையாகச் சொல்ல வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

"அந்தக் கணக்கு நான் பண்ணலைங்க மேடம்," என்று அவன் அவளைக் கைகாட்டினான். "அந்தா இருக்காங்களே, சிவானுஜா. அவங்க பண்ணுனது."

அவங்களாம்! அவள் பெயர் அந்த மண்டபத்தில் கேட்டதே அப்போதுதான், பழிக்கு ஆள் தேடியபோது. திருடியதைக்கூட அழுது தீர்த்து மறந்திருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஆமாங்க மேடம், தப்பு என்னோடதுதான். திருத்தியும் வச்சிருக்கேன்," என்று எழுந்தாள். "மத்ததும் எல்லாமே நான் பண்ணுனதுதான். அவரையே கேளுங்க."

ஜீவராணி கேட்டார். அவன் ஒப்புக்கொண்டு தலையாட்டியதும், மீதியைச் சொல்ல அவளை மேடைக்குக் கூப்பிட்டார்.

அவள் மேடையேறியதும், "வீட்டுல சொல்லிடாத புள்ள" என்று கிசுகிசுத்தான்.

"கேட்டிருந்தா முழுசையும் குடுத்திருப்பேனே மச்சான்," என்று சொல்லி, அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அப்படி முறை சொல்லி அவனைக் கூப்பிடுவது அதுவே கடைசி என்று அவளுக்குத் தெரிந்தது.