எதிர்வாதத்துக்குப் பதில் எங்கே?

எங்கள் வீட்டில் எதையும் வாயால் கேட்டு வாங்க முடியாது. எழுதித்தான் கேட்க வேண்டும். ஒரே பக்கம். என்ன வேண்டும் என்று ஒரு வரி, ஏன் வேண்டும் என்று மீதி. சட்டம் போட்டவன் நான். நாளிதழில் கருத்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன் வேறு எப்படி இருப்பான்? அலுவலகத்தில் எனக்குக் 'கத்திரி' என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

மகள் எட்டு வயதில் எழுதிய முதல் பக்கம் பூனை கேட்டு. 'நமக்கு ஒரு பூனை வேண்டும். பூனை மெத்தென்று இருக்கும். பூனைக்குப் பால் பிடிக்கும்.' நான் சிவப்புப் பென்சிலை எடுத்து முதல் வரிக்கு அடிக்கோடு போட்டேன். அதுதான் மையக் கருத்து. துணி காயப்போடும் கொடி மாதிரி அது. கம்பு கொடுத்துத் தாங்காவிட்டால் துணியோடு தரையில் கிடக்கும். தாங்குகிற ஒவ்வொரு காரணத்திலிருந்தும் அந்த வரிக்கு ஓர் அம்புக்குறி போடுவேன். அம்பு போட முடியாததை அடித்துவிடுவேன். 'பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது பூனையின் காரணம், நம்முடையது அல்ல. கருத்து நிறுவப்படவில்லை' என்று கீழே எழுதிக் கொடுத்தேன். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனது.

"வீடா இது, கோர்ட்டா?" என்று மனைவி என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். மறுநாளே மகள் புதுப் பக்கத்தோடு வந்து நின்றாள். என் அகராதியில் எலி கடித்த தாளைச் சான்றாக அதோடு குத்தி வைத்திருந்தாள். பூனை வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர்.

அவளுடைய அம்மா காலமான பிறகும் வழக்கம் நிற்கவில்லை. சைக்கிள், சுற்றுலா, கல்லூரியில் எந்தப் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பக்கம். இப்போது அவள் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலை. காலையும் மாலையும் எனக்குச் சொட்டு மருந்து போடுகிற வேலையும் அவளுடையதுதான். எனக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம். மருந்தை விட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பாட்டிலைக் கண்டாலே என் இமை கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்கு அவள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறாள். "மேலே பாருங்கப்பா, பல்லி!" என்பாள். நான் பார்ப்பேன். சொட்டு விழுந்துவிடும். இத்தனை வருஷத்தில் பல்லியை மட்டும் பார்த்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் இருந்தது. தலைப்பு, 'நான் ஏன் போக வேண்டும்.' சமையலறையில் பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

வெகு தூரத்தில் ஒரு நகரம். காதே கேட்காமல் பிறந்த குழந்தைகளுக்குக் கருவி பொருத்தி, கேட்கவும் பேசவும் பழக்குகிற பெரிய மருத்துவமனை. அங்கே இரண்டு வருஷப் பயிற்சிக்கு இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல் பத்தியில், இங்கே அந்தப் பயிற்சி கிடைக்காது என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில் ஒரு குழந்தை வந்தது. இவள் சோதித்து, கேட்கவில்லை என்று கண்டுபிடித்து, அந்த ஊருக்கு அனுப்பி வைத்த குழந்தை. கருவியோடு திரும்பி வந்தபோது, அதன் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டதும் தலையைத் திருப்பியதாம். 'திருப்பியதை நான் பார்த்தேன். திருப்ப வைக்க எனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். எவ்வளவு கறாரான ஆளாக இருந்தாலும் அந்த இடத்தில் பென்சில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். மூன்றாவதில், திரும்பி வந்து இங்கேயே அதைத் தொடங்கப் போகிற திட்டம். மூன்றுக்கும் அம்பு போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, என் பக்கத்துக்கு எழுதுகிற பேராசிரியர்கள்கூட இப்படி எழுதுவதில்லை.

அதற்குப் பிறகும் மூன்று பத்திகள் இருந்தன. அப்பாவுக்குச் சொட்டு மருந்தை யார் போடுவார்கள் என்று ஒன்று. அப்பா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்கப் போய்விடுகிறார், பாத்திரம் கரிந்த பிறகுதான் வருகிறார் என்று ஒன்று. சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு வந்த மோசமான கட்டுரையைப் படித்துக் காட்டித் திட்டுவாரே, இனிமேல் யாரிடம் திட்டுவார் என்று ஒன்று.

அம்பு எங்கே போடுவது? 'நான் போக வேண்டும்' என்ற வரியை இவை மூன்றும் தாங்கவில்லை, கீழே இழுக்கின்றன. யோசிப்பதற்கு முன்னால் கை வேலையை முடித்துவிட்டது. மூன்றின் மேலும் நீளமாக ஒரு கோடு. கீழே, 'முதல் மூன்று பத்திகள் போதும். மற்றவை தேவையில்லை. கருத்து நிறுவப்பட்டது. போகலாம்' என்று எழுதினேன். மகளைத் தடுக்காத பெருந்தன்மையான அப்பா என்று எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

மாலையில் மருந்து போட வந்தாள். பல்லி என்று சொல்லவில்லை. விரலால் இமையை விரித்து, சொட்டை விட்டு, மூடியைத் திருகினாள்.

"பக்கத்தைப் படிச்சியா?" என்றேன்.

"படிச்சேன். உங்களைப் பத்தி எழுதினது எல்லாமே தேவையில்லாததுன்னு போட்டிருந்தீங்க."

"கருத்துக்குத் தேவையில்லைன்னுதான் போட்டேன்."

"எனக்குத் தேவையா இருந்துச்சுப்பா." பாட்டிலை அலமாரியில் வைத்தாள். "நான் போகலை. வரலைன்னு பதில் எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன்."

போகலாம் என்றவனிடம் போகவில்லை என்று கோபித்துக்கொள்கிறாளே, இது என்ன நியாயம் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. திட்டக்கூட வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. நகரத்தின் நடுவில் கார்களுக்குத் தடை போட வேண்டும் என்று எழுதியிருந்தார் ஒருவர். நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியின் பக்கமே போகவில்லை. நான் எல்லோருக்கும் எழுதுகிற வரியை அவருக்கும் எழுதினேன். 'எதிர்வாதத்துக்குப் பதில் எங்கே?'

எழுதிய கை அப்படியே நின்றது.

வக்கீலம்மாவுக்குத் தெரியாதா எது தாங்கும், எது தாங்காது என்று? பூனை காலத்திலிருந்து என் பென்சிலிடம் அடி வாங்கி வளர்ந்தவள். கருத்துக்குச் சேராத மூன்று பத்திகளை அவள் தெரியாமல் விட்டுவைப்பாளா? அவை எதிர்வாதங்கள். போக வேண்டும் என்று சொல்கிறவளைப் போக விடாமல் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தவை. அவற்றுக்கு அவளால் பதில் எழுத முடியாது. பதில் என்னிடம் இருந்தது. அதற்காகத்தான் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் என்னடாவென்றால் கேள்வியையே அடித்துவிட்டு, பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து என்னை நானே வெட்டிக்கொண்டால் அவளுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவள் எதைப் பாரம் என்றாள்? அவள் அக்கறை என்று எழுதியதை நான் பாரம் என்று படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறார் என்றுகூடப் பாராமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

மதிய இடைவேளையில் மருந்துக் கடைக்குப் போய், கண் உலராமல் இருக்க விற்கிற சாதாரணச் சொட்டை வாங்கி வந்தேன். வியாழன் வரைக்கும் தினமும் அலுவலகத்தின் ஆவண அறையில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு பயிற்சி. புருவத்தில் விழுந்தது, காதுக்குள் போனது, ஒரு தடவை வாய்க்குள்ளேயே போனது. உதவி ஆசிரியை ஏதோ பழைய இதழ் தேடி வந்து, கன்னமெல்லாம் ஈரமாக இருந்த என்னைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் கத்திரி உட்கார்ந்து அழுகிறது என்று மாடி முழுக்கச் செய்தி. அன்றைக்கு யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மாலை வக்கீலம்மா வேலையிலிருந்து வந்தபோது, அவளுடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பக்கமும் என் சிவப்புப் பென்சிலும் இருந்தன. இந்த வீட்டில் நான் எழுதிக் கேட்பது அதுதான் முதல் தடவை. தலைப்பு, 'நீ ஏன் போக வேண்டும்.'

கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே தலைப்பைப் படித்தாள். பிறகு உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். பரீட்சை எழுதுகிறவன் பாடு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உன் முதல் மூணு பத்தியை அப்படியே எடுத்துக்கிட்டேன். அதுல கை வைக்க ஒண்ணுமில்லை," என்றேன்.

"பேசாதீங்கப்பா. எழுதினதுதான் பேசணும்." என் வசனம்தான்.

"'பால் பொங்கும் வரை இனி அடுப்பை விட்டு நகர மாட்டேன்.' சான்று?" என்று படித்துவிட்டுக் கேட்டாள்.

சமையலறையைக் காட்டினேன். என்னுடைய படிக்கிற நாற்காலி அடுப்புக்கு எதிரே இருந்தது. பக்கத்தில் நாளிதழ்க் கட்டு. அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஓர் அம்பு போட்டாள்.

"'மோசமான கட்டுரைகளைத் தினமும் போனில் படித்துக் காட்டுவேன்.' இது காரணமா, தண்டனையா?"

"நீ 'ம்' கொட்டினா போதும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு அதற்கும் ஓர் அம்பு போட்டாள்.

"'சொட்டு மருந்தை நானே போட்டுக்கொள்வேன்.'" பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "சான்று?"

சோபாவில் சாய்ந்தேன். நிஜ மருந்து, நிஜ நீதிபதி. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. அவள் எழுந்துவிட்டாள். "கிட்ட வராதே," என்று கத்தினேன். கூரையைப் பார்த்தேன். "மேலே பாரு, பல்லி," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொட்டு வலது கண்ணுக்குள் சில்லென்று விழுந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஒரு கண் மங்கலாக இருந்தது. அந்த அம்பையும் போட்டாள்.

கடைசி வரியில் பென்சில் நின்றது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். 'நீ இல்லாமலும் எனக்கு ஒரு குறையும் இருக்காது.'

"இதுக்குச் சான்று?"

நான் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"பொய்யைக் கம்பா கொடுத்தா கொடி நிக்காதுன்னு சொன்னது யாரு?" என்று பென்சிலை என்னிடம் நீட்டினாள். "நீங்களே அடிங்க."

அடித்தேன். வெறுமையாகிவிட்ட அந்த இடத்துக்குக் கீழே, கண் மங்கலோடு, கோணல்மாணலாக எழுதினேன். 'நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் வரவே பிடிக்காது. ஆனாலும் நீ போக வேண்டும்.'

அவள் அதைப் படித்தாள். "இது உங்க கருத்துக்கு எதிரா இருக்கேப்பா."

"எதிரா இருக்கறதையும் சொல்லிட்டு, அதுக்கப்புறமும் நிக்கணும். அப்பத்தான் அது நிஜமான கருத்து."

என் மகள் அந்த வரியிலிருந்து மேலே மையக் கருத்து வரைக்கும் ஓர் அம்பு போட்டாள். மற்ற அம்புகளைவிட அழுத்திப் போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது. கீழே 'கருத்து நிறுவப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து வரவில்லை என்று எழுதி வைத்திருந்த பதிலை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

"ஒரு கண்ணுக்குத்தான் போட்டிருக்கீங்க," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இன்னொண்ணையும் போட்டுக்கறேன்."

"வேண்டாம். இருக்கற வரைக்கும் அதை நான் போடறேன்." பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "மேலே பாருங்கப்பா, பல்லி."

நான் பார்த்தேன்.