சங்கத்து எஞ்சின்

தோளில் துவக்கோடு மூன்று பேர் வந்து மில் எஞ்சினைக் கழற்றச் சொன்னபோது இரத்தினம்மாவுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கத்துத் துவக்கு என்று கேட்கிறீர்களா? தொண்ணூற்றாறில் வாவிக்கரையில் அதை வாய்விட்டுச் சொன்னவன் எவனும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

அது இரத்தினம்மா உட்படப் பதினொரு விதவைகள் சங்கமாகச் சேர்ந்து நடத்திய மா மில். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இரண்டு வருசம் அரிசியும் பருப்பும் சும்மா கொடுத்துவிட்டு, ஒருநாள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகுதான் சங்கத்துக்கென்று நிரந்தர வருமானம் வேண்டும் என்ற புத்தி வந்தது. காதுத் தோட்டை விற்றுப் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கினார்கள். ஊராருக்குக் கூலிக்கு அரைத்ததோடு, சிவப்பரிசி மாவைக் கல்லடி ஊர்க் கடைகள் வரைக்கும் அனுப்பினார்கள். எஞ்சின் ஓடினால்தான் பதினொரு வீட்டு அடுப்பும் எரியும்.

"தோணிக்குப் பூட்ட வேணும். விலகுங்க," என்றான் உயரமானவன்.

"நிறுவனம் தந்த சாமானெண்டால் கொண்டு போ மனே. இது எங்கட உழைப்பு. கழட்ட விடமாட்டன்," என்றாள் இரத்தினம்மா.

அவன் துவக்குப் பிடியால் அவள் வாயில் இடித்தான். வாயைப் பொத்திய கையோடு இரண்டு பல் வந்தன. இன்னொருவன் குந்தியிருந்து எஞ்சினின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. எஞ்சினைச் சுற்றி ஸ்டாட் பண்ணும் இரும்புக் கைபிடியை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். எலும்பு நொறுங்கியது. மற்றப் பெண்களும் பாய்ந்தார்கள். ஒருத்தி மூன்றாமவனின் தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள், ஒருத்தி உயரமானவன் கண்ணில் மாவை வாரி இறைத்தாள். அவர்களில் ஒருத்தியான புஸ்பம் எஞ்சினை இரு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்துவிட்டாள்.

கண் தெரியாமல் உயரமானவன் சுட்டான். மூன்று வெடி.

புஸ்பத்தின் கழுத்திலிருந்து இரத்தம் கொப்பளித்தது. "கொண்டு போங்கடா! எஞ்சினக் கொண்டு போங்கடா!" என்று இரத்தினம்மா தொண்டை கிழியக் கத்தினாள். கேட்க ஆளில்லை. சனம் திரண்டு வருவதைக் கண்டு, அவர்கள் கை நொறுங்கியவனை இழுத்துக்கொண்டு தோணியில் ஏறி ஓடிவிட்டார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. புஸ்பம் போய்விட்டாள்.

மில்லை மூன்று தரம் கழுவினார்கள். ஒருவரும் அரிசி கொண்டு வரவில்லை. இரத்தம் சிந்திய இடத்தில் அரைத்த மா தொண்டையில் இறங்குமா? அந்தக் கைபிடியைத் தொடாமல் இருந்திருந்தால் என்று இரத்தினம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். புஸ்பத்தின் மாமியார் ஆச்சிப்பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பாள்?

ஏழாம் நாள் காலை ஆச்சிப்பிள்ளையே வந்தாள், தலையில் ஓலைக் கடகத்தோடு. காறித் துப்பத்தான் வருகிறாள் என்று இரத்தினம்மா தலை குனிந்து நின்றாள்.

"நாளைக்குப் புஸ்பத்துக்கு எட்டுச் செலவு. அவளுக்குப் படைக்கிற பலகாரத்துக்கு அரிசி கொணந்திருக்கன். அரைச்சுத் தா."

"இஞ்சயா அக்கா?"

"வேற எங்க?"

அரைத்து முடிந்ததும் ஆச்சிப்பிள்ளை முந்தானையில் முடிந்திருந்த கூலியை எடுத்து நீட்டினாள். இரத்தினம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பிடி கா, இரத்தினம்மா. சும்மா அரைச்சால் நாளைக்கு இத மூடத்தான் வேணும். மூடுற மில்லுக்கா என்ட மருமகள் செத்தவள்?"

இரத்தினம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.