கொடுக்கு வைத்த கிருமி

கடல் வந்து கலக்கிற பழவேற்காட்டு ஏரி மேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் ஏரித் தண்ணீர் இன்றைக்கே உப்புக் கரிக்கட்டும்.

சுண்ணாம்புக்குளத்து அம்மணி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் உட்கார்ந்தபடியே கையால் இறால் தடவுகிறவள். வலக்கை ஆள்காட்டி விரல்தான் அவளுக்கு வலை, கண் எல்லாம். சேற்றுக்குள் இறால் மீசை அசைந்தால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். போயும் போயும் அதே விரலில் ஒரு கெளுத்தி முள் ஏறியது.

விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. புருஷன் சின்னதம்பி இறால் பண்ணையில் காவல். இறாலுக்குச் சீக்கு வந்தால் அங்கே குளத்தில் கொட்டுகிற மருந்துப் பவுடரில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான்.

“இறாலுக்குக் கேக்குற மருந்து இறால் புடிக்கிறவளுக்குக் கேக்காதா? தூவும்மே.”

“நான் இன்னா, மீசை வெச்ச இறாலாய்யா?” என்றாள். ஆனாலும் தூவினாள்.

புண்ணிலிருந்த கிருமிகள் பவுடரைத் தின்று ஏப்பம் விட்டன. கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். விரலுக்குள் நறுக் நறுக்கென்று சத்தம். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள், யாரோ பாக்கு வெட்டுகிறார்கள் என்று நினைத்து, தனக்கும் ரெண்டு கேட்டு வந்துவிட்டாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் வைஷ்ணவி, சீழை ஒரு தட்டில் தடவி வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தார். மருந்துக்குப் பயந்த கிருமி வில்லையைச் சுற்றி இடம்விட்டு ஒதுங்கியிருக்கும். அம்மணியின் கிருமிகள் வில்லைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

“இதுங்க ஒரு என்சைம் சுரக்குதும்மா. அது மருந்தை அறுத்துப் போட்டுடுது. அப்புறம் மாத்திரை வெறும் மாவு. புண்ணு இன்னும் உள்ள இறங்குனா விரலையே எடுக்கவேண்டி வரும்.”

“விரலை எடுத்துட்டு நான் எதால தடவுறது டாக்டரம்மா? மூக்காலயா?”

“அதுக்குத்தான் இன்னொரு மருந்தும் சேத்து ஊசி போடப்போறேன். அது கிருமியைக் கொல்லாது. என்சைம் வாயில போய்ச் சிக்கிக்கும், அவ்ளோதான். அதை என்சைம் கடிச்சிட்டு நிக்கறப்போ, முதல் மருந்து உள்ள போய் வேலையைப் பாத்துக்கும்.”

“நண்டு கொடுக்குல குச்சி குடுக்குறாப்போல,” என்றாள் அம்மணி. குச்சியைக் கவ்விய நண்டு லேசில் விடாது. பின்பக்கமாக அமுக்கிப் பறியில் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்டார்கள். வீடு திரும்பும் வழியில் ஏரிக்கரையில் நின்று கையை ஒரு உதறு உதறினாள். ஆளுக்கொரு குச்சியைக் கவ்விக்கொண்டு கிருமிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பூநாரைகள் ஓடிவந்து பொறுக்கித் தின்றன. அந்த வருஷம் பூநாரைகளுக்குச் சளி பிடித்தபோது எந்த மாத்திரையும் கேட்கவில்லை.

விரல் பழையபடி ஆனது. பழையபடிக்கும் ஒரு படி மேல் என்றே சொல்லவேண்டும். இப்போதெல்லாம் அம்மணி தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் நின்று கையை நீட்டினால், இறால் இருக்கும் பக்கம் விரல் தானாகத் திரும்புகிறது. சின்னதம்பி அது காட்டும் திசையில் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறான். சந்தேகம் உள்ளவர்கள் சுண்ணாம்புக்குளம் போய் அவளையே பார்த்துவிட்டு வரலாம்.

போய்ப் பார்த்தால், அம்மணியின் வலக்கையில் ஆள்காட்டி விரல் இல்லை.