நான்கு நிமிட வெள்ளிக்கிழமை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எந்த ஞானோதயத்திலும் தோன்றவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காக எழுத ஆரம்பித்தது இது.

கேட்டவள் பரினெம். எங்கள் ஊரில் ஒரு துண்டு வயலும் ஆறு வாத்துகளும் வைத்திருக்கிற விதவை. போன வாரம் வாத்துக்குத் தவிடு வாங்க என் நெல் மில்லுக்கு வந்தாள். கோணியைக் கீழே போட்டுவிட்டு, ஏதோ உப்பு விலை கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"மாப்ளே, நோன்பு மாசத்துல அந்த வெள்ளிக்கிழமை இருக்கே, நான் நாத்து ஊனின வெள்ளி... அன்னிக்குப் பள்ளிவாசல் முரசு நேரத்துக்குத்தானே அடிச்சாங்க?"

நல்லவேளை, அன்றைக்கு மில் பெல்ட் அறுந்து கிடந்தது. பெல்ட்டைத் திட்டு திட்டென்று திட்டி, தவிட்டை அள்ளிப் போட்டு அவளை அனுப்பிவிட்டேன்.

கடல் தாண்டி வந்து, இருபத்து மூன்று வருடமாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறேன். பெண் எடுத்த ஊர் என்பதால் சின்னது பெரியது எல்லாருக்கும் நான் மாப்பிள்ளைதான். இதைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இங்கே ஒருத்தருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். பரினெமுக்குத் தெரியக் கூடாது என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. நான் உங்களிடம் மட்டும் உளறுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மலையடிவாரத்தில் படிப்படியாய் இறங்கும் பச்சை வயல்களின் மேல் வெண்பனி மெல்ல...'

(அடித்துவிட்டேன். இது காலண்டர் படம். மழை வருமா என்று பார்க்கிற நேரம் தவிர இங்கே எவனும் மலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 'சகிமினைப் பாம்பு கடித்தபோது அவன் மனைவி பரினெம்...'

(வேண்டாம். சாவில் ஆரம்பித்தால் இப்போதே மூக்கைச் சிந்துவீர்கள். ஆனால் அந்தச் சாவு கதைக்கு வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், வரும்.)

மூன்றாவது: கர்சோனோ தன் அப்பாவை மறந்துவிட்டான்.

இது நிற்கும்.

3

கர்சோனோ தன் அப்பாவை மறந்துவிட்டான். பரினெமின் கணவனுடைய தம்பி அவன். எங்கள் ஊர் நீர்க்கட்டியும் அவன்தான். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்து மடை திறக்கிற வேலை. நேர்மையானவன். அந்த நேர்மை மற்றவர்களுக்குச் சில சமயம் பல்வலி மாதிரி இருக்கும்.

இந்த வருடம் நோன்பு மாதத்துக்கு முன்னால் ஆற்று அணை உடைந்தது. எல்லோரும் சேர்ந்து கல் அடுக்கி அடைத்தோம். பழைய முறை கலைந்துபோனதால் கர்சோனோ புது முறை எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்து, பலகையில் மாட்டிவிட்டான். மறுநாள் காலையில் பரினெம் அவன் வாசலில் நின்றாள்.

"என் பேரை எந்த நாள்ல போட்டிருக்கே, தம்பி?"

"வர்ற சனிக்கிழமை, அண்ணி. விடியறதுக்குள்ள தண்ணி வந்துரும்."

"சனி சரி. கூட வர்றது என்ன?"

எங்களுக்கு வாரம் இரண்டு. உங்களுக்குத் தெரிந்த ஏழு நாள் வாரம் ஒன்று. லெகி, பாகிங், போன், வகே, கிலிவோன் என்று ஐந்து நாள் சந்தை வாரம் ஒன்று. இரண்டும் கைகோத்துக்கொண்டு போகும். கர்சோனோ விரல் விட்டு எண்ணினான். வெள்ளி லெகி. சனி... விரல் அப்படியே நின்றுவிட்டது. அவன் அப்பா இறந்தது ஒரு சனி பாகிங்கில்.

அந்தக் குடும்பத்தில் யாரும் சனி பாகிங் அன்று எந்த வேலையும் தொடங்க மாட்டார்கள். தொடங்கிய வேலையைத் தொடரலாம், பாதகமில்லை. தொடங்கத்தான் கூடாது.

"பெத்த அப்பன் ஞாபகம் வர எத்தனை விரல் வேணும் உனக்கு?" என்றாள் பரினெம்.

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. அணை வேலை மும்முரத்தில் திங்கள், செவ்வாய் என்று மட்டும் எண்ணிக்கொண்டே போயிருக்கிறான். சந்தை நாளைச் சேர்க்கவே இல்லை.

"தப்புதான் அண்ணி. ஆனா கூட்டத்துல வாசிச்சாச்சு. இப்ப உங்களுக்கு மட்டும் மாத்துனா, நீர்க்கட்டி அண்ணிக்குன்னா தனியாத் தண்ணி விடுறான்னு ஊரே மெல்லும்."

"மெல்லட்டுமே! ஊர் வாய்க்குப் பயந்து என் வீட்டுல எதையாவது இழுத்து விடுவியா?"

"அடுத்த முறை பன்னெண்டு நாள்ல வரும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் நாத்து கிழடு தட்டிப் போகும். ஊரெல்லாம் அறுத்த பெறகு என் வயல் மட்டும் நிக்கும். ஊர் எலியெல்லாம் விருந்துக்கு வரும். ரொம்ப நல்லா இருக்கு, போ!"

(தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்பார்: பக்கத்து வயல்காரரோடு முறையை மாற்றிக்கொண்டால் என்ன? ஐயா, அதையும் கேட்டுப் பார்த்தாள். ஊரில் நடவுக்கு இருப்பது எட்டுப் பெண்கள். எந்த நாள் எந்த வயல் என்று அவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு ஆளை நகர்த்தினால் எல்லாம் சரியும்.)

4

இப்போது அந்தச் சாவு. மூன்று வருடத்துக்கு முன்னால் சகிமின் ஒரு சனி பாகிங்கில் அடுக்களை ஓட்டைப் பிரித்து மேய ஆரம்பித்தான். பரினெம் தடுத்தாள். "ஓடு மாத்துறதுக்கா எங்கப்பா கோவிச்சுக்குவாரு? ஒழுகுதுன்னு அவரே திட்டிக்கிட்டு இருந்தவருதானே" என்று சிரித்துக்கொண்டே ஏறினான். முப்பத்தெட்டாவது நாள் வரப்பில் பாம்பு கடித்தது.

பரினெம் இதையெல்லாம் நம்புகிறாளா என்று கேட்காதீர்கள். பகலில் நம்ப மாட்டாள். ஆனால் இந்த வருடம் நோன்பு மாதத்தில், வீட்டில் அவள் மகள் லஸ்மி ஏழு மாதக் கர்ப்பிணி. நாள் தவறித் தொடங்கினால் அடி அந்த வீட்டில்தான் விழும், யார் தலையில் என்று தெரியாது. வீட்டில் இருப்பது இரண்டு தலையும் ஒரு வயிறும். நட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம், நடாவிட்டால் வருடத்துக்குச் சோறு இல்லை. இதுதான் அவள் நிலைமை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை பகலில், யாரும் பார்க்காத நேரத்தில், பரினெம் மேல்வயலின் மடைப்பலகையைப் பிடித்துத் தூக்கி

(விட்டுவிட்டேன். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், பலகை மேலே வரவில்லை. அவள் அடுத்தவர் தண்ணீரைத் திருடுகிறவள் இல்லை. கதைக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பதற்காக ஒருத்தியைத் திருடியாக்க முடியுமா?)

யோசனை கொடுத்தது நடவுக்காரிகளின் தலைவி துகினெம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், நாளை வர வேண்டாம் என்று சொல்லப் போன பரினெமைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட என் மக்குப் பெண்ணே! தொடங்கத்தானே கூடாது? இன்னிக்கே ஏழு குத்து நாத்து ஊனி வச்சிரு. நாளைக்கு நாங்க வந்து நடுறது மிச்ச வேலை. உன் மாமனாரு என்ன கணக்குப் பிள்ளையா, குத்துக் குத்தா எண்ணிப் பாக்க?"

"காஞ்ச வயல்ல எங்கேடி ஊனுறது?"

"வடக்கு மூலையில ஊத்து கசியுமே, தவளை கிடக்குற எடம். ஏழு குத்துக்கு அது போதாதா? ஓடு! முரசு விழுந்தா நாள் மாறிரும்."

இங்கே விடியும்போது நாள் மாறுவதில்லை. பொழுது சாய்ந்து, நோன்பு திறக்கச் சொல்லும் மக்ரிப் முரசு விழும்போது மாறும். வெள்ளி லெகி அந்த நிமிடமே சனி பாகிங் ஆகிவிடும்.

5

பரினெம் ஓடினாள். நாற்றங்கால் தெற்குக் கோடியில், ஊற்று மூலை வடக்குக் கோடியில். நாற்றைப் பிடுங்கி, வேர்ச்சேற்றை உதறி, வழுக்குகிற வரப்பில் ஓடினாள். நோன்பு வைத்த உடம்பு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வழியில் ஒருமுறை விழுந்து எழுந்தாள். ஊற்று மூலையில் இறங்கியதும் முழங்கால் வரை சேறு. தவளைகள் காதைப் பிய்த்தன.

நாங்கள் பின்னோக்கி நடந்துகொண்டே நடுகிறவர்கள். அதனால் மேட்டிலிருக்கும் பள்ளிவாசல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று அவள் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். வாசல் கூடத்தில் முப்பது ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கு ஒரு கிளாஸ் இனிப்பு டீ, தேங்காய்ப்பாலில் பனைவெல்லம் போட்டு வேகவைத்த வாழைப்பழம் ஒரு கிண்ணம். அன்றைக்கு முரசு முறை கர்சோனோவுக்கு. கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்திரண்டு. கோல் உயர்ந்தது. அவன் கண் கீழே வயலுக்குப் போனது. கோல் நின்றது.

"கர்சோனோ, நேரம் ஆச்சு இல்ல?" என்றார் இமாம்.

"மேகமா இருக்குதுங்க. பொழுது சரியாத் தெரியல."

வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. இமாம் எழுந்து வந்தார். அவன் பார்த்த பக்கம் அவரும் பார்த்தார். சேற்றில் ஒரு குனிந்த முதுகு, பக்கத்தில் வரப்பில் ஒரு நாற்றுமுடி. இமாம் திரும்பி வந்து உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டார். "மேகந்தான்" என்றார்.

நாற்பத்து மூன்று. அக்கரை ஊரின் ஒலிபெருக்கியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஒருவன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனான். பக்கத்திலிருந்தவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது அவங்க ஊர்ப் பொழுதுடா. வையி கீழே."

நாற்பத்து நான்கு. எல்லோர் பாக்கெட்டிலும் போன் இருக்கிறது. எல்லாப் போனிலும் மணி தெரியும். ஒருத்தரும் குடிக்கவில்லை. என் வயிறு போட்ட சத்தம் இமாமுக்கே கேட்டிருக்கும்.

நாற்பத்தைந்து. அவள் ஆறாவது குத்தை ஊன்றினாள். கர்சோனோ தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதானா என்றால், எழுதுகிறவனுக்கு அழுதான் என்று எழுத ஆசை. வியர்வையாகவும் இருக்கலாம்.

நாற்பத்தாறு. அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். முரசு விழுந்தது.

6

இதை என் மனைவி சுதர்சியிடம் சொல்லிக்காட்டினேன்.

"இதுல கதை எங்கே இருக்கு? ஊரே நாலு நிமிஷம் பசியோட இருந்துச்சு. அவ்ளோதானே?"

"கர்சோனோ அப்படிச் செய்வான்னு வாசகர் நம்பணுமே. நோன்பு திறக்கிறதைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுனாலதான் அவன் அன்னிக்கு எல்லாருக்கும் கடைசியாக் குடிச்சான். நீங்க அதைப் பாக்கல. உங்க கண்ணு வாழைப்பழத்துல இருந்துச்சு."

"உனக்கு யார் சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க. பரினெம்கிட்டே மட்டும் யாரும் சொல்லல. நீங்களும் சொல்லித் தொலைக்காதீங்க."

(ஆக, என் முக்கியப் பாத்திரத்தைப் பற்றி என் மனைவிக்குத்தான் என்னைவிட அதிகம் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்தப் பகுதியை அடித்துவிடவில்லை.)

7

முடிவுகள்.

ஒன்று: நெல் நன்றாக விளைகிறது, லஸ்மிக்குச் சுகப்பிரசவம், பிள்ளைக்குத் தாத்தா பெயர். இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அப்படி எழுதினால் நான்கு நிமிடம் வெள்ளிக்குச் சேர்ந்தது என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இரண்டு: எழுத மாட்டேன். என்னவென்று உங்களுக்கே தெரியும்.

மூன்று: கதைக்காரன் கேள்விக்குப் பதில் சொல்கிறான். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுவரை நேரம் இருந்தது. இன்று இல்லை.

லஸ்மிக்கு விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது. மருத்துவச்சி உள்ளே இருக்கிறாள், இன்னும் ஆகவில்லை. வயலில் நெல் இப்போதுதான் பூத்திருக்கிறது, அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குப் பரினெம் மில் வாசலில் வந்து நின்றாள். கையில் கோணி இல்லை. தலைமுடி கலைந்திருந்தது.

"மாப்ளே, நான் அஞ்சாவது குத்து ஊனும்போது அக்கரைப் பாங்கு கேட்ட மாதிரி இருந்துச்சு. தவளைச் சத்தத்துல சரியாப் புரியல. உங்களை விட்டா நான் யாரைக் கேப்பேன்? அன்னிக்கு நீங்க எல்லாரும் டீ குடிச்சது எப்போ?"

நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். பொய் இல்லாத பதில்.

"முரசுக்கு முன்னாடி ஊர்ல ஒருத்தரும் வாயில தண்ணி படவிடல, அக்கா. அல்லா மேல சத்தியம்."

அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. சத்தியமாகத் தெளிந்தது, நான் பார்த்தேன். திரும்பிப் போக இரண்டு அடி வைத்தாள். பிறகு நின்றாள்.

"ஏன்?" என்றாள். "காத்துக்கிட்டா இருந்தீங்க?"

நான் மோட்டாரைப் போட்டுவிட்டேன். மில் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. காதைக் காட்டி, கையை விரித்து, நெல்லை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறேன். அவள் போகவில்லை. வாசலிலேயே நிற்கிறாள். மோட்டாரை நிறுத்தும்வரை நிற்பாள். பரினெமின் வீட்டிலிருந்தும் இன்னும் யாரும் ஓடிவரவில்லை.

கர்சோனோவுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. எனக்கு அரைப்பதற்கு இன்னும் அரை மூட்டை நெல்தான் இருக்கிறது. இடது கையால் கொட்டிக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன், கையெழுத்தை மன்னியுங்கள். இதுவரை படித்த நீங்களும் அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்திருந்தவர்தான். உங்கள் கையிலும் டீ இருந்தது, கடிகாரமும் இருந்தது, நீங்களும் குடிக்கவில்லை.

நெல் தீர்ந்துவிட்டது. மோட்டாரை நிறுத்துகிறேன். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.