ஒரு நாள் வைத்த தண்ணீர்

திங்கட்கிழமை காலை தொட்டியில் பதினொரு மீன்களும் மல்லாந்து மிதப்பதைப் பார்த்ததும் பல் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "தரை துடைக்கிற வாளியில தண்ணி பிடிச்சியா?" என்பதுதான். ஒன்பது வருடமாக அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சுருக்கென்றது. மீன்தொட்டிக்கென்றே தனியாக ஒரு நீல வாளி வைத்திருக்கிறாள். அதில் சோப்புக் கை பட்டதற்காகத் துப்புரவு செய்யும் அக்காவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள் அவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க வைத்து, குளோரின் வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்து, சனிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்முன் தொட்டியில் கால் பங்கை எடுத்துவிட்டு ஊற்றுவாள். ஒரு வாரம் கூடத் தவறியதில்லை. ஊசியைக் கண்டால் அலறுகிற பிள்ளைகள் அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டேதான் வாயைத் திறப்பார்கள்.

"நான் எப்பவும் போலத்தான் மேடம் ஊத்தினேன்."

"அப்ப மீன் தானா செத்துச்சா? இனிமே நீ தொட்டியில கை வைக்க வேணாம்மா. வேற ஆளு பாத்துக்கறேன்."

பாத்துக்கறேனாம். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் கவனம் கெட்டவள் என்ற பேரைச் சுமந்துகொண்டு அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியாது. வாளியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு மதிய இடைவேளையில் மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் அதைப் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்தை நாலு சொட்டு விட்டார். பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது.

"மூணு நாள் ஆன தண்ணியா இது? குளோரினா இருந்தா எப்பவோ பறந்திருக்கும்க்கா. இது குளோரமைன், குளோரின்ல அம்மோனியா சேத்தது. போன வாரத்துலேர்ந்து இதத்தான் கலக்குறாங்க. நீங்க எத்தன நாள் திறந்து வச்சாலும் லேசுல போகாது, மருந்து ஊத்தி முறிக்கணும். அதுக்கப்புறம் உங்களோட சேத்து ஆறு பேரு வந்துட்டாங்க."

பாட்டிலோடு அங்கிருந்து நேராகக் குடிநீர் அலுவலகத்துக்கு நடந்தாள். ஒன்பது வருடம் தீனி போட்ட கையாலேயே விஷத்தை ஊற்ற வைத்திருக்கிறார்கள்.

குடிநீர் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. "குடிக்க நல்ல தண்ணிதான்மா. மீனுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல."

"குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே சார். மாத்தினத ஏன் சொல்லல?"

"அறிவிப்புப் பலகையில ஒட்டியாச்சே. அதோ."

அதோவைப் பார்த்தாள். பலகைக்கு முன்னால் பெரிய மீன்தொட்டி ஒன்று நின்றது. கண்ணாடியில் மூக்கு உரச, தண்ணீருக்கு அப்பால் நெளிந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். எல்லாம் இருந்தது. குளோரமைன், போன வாரத் தேதி, மீன் வளர்ப்போர் கவனத்துக்கு என்று ஒரு வரி கூட இருந்தது. அதைப் படிக்க ஒன்று மீனாக இருக்க வேண்டும், இல்லை இந்த அலுவலகத்து ஆளாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளைக் கவுண்டரில் வைத்தாள். "இந்தத் தேதியிலேர்ந்து தண்ணிய மாத்தினோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எங்க டாக்டர்கிட்ட காட்டணும்."

"அப்படியெல்லாம் எழுதிக் குடுக்கற வழக்கம் இல்லம்மா."

அப்போதுதான் அலுவலக உதவியாளர் தோளில் ஒரு குடிநீர்க் கேனுடன் வந்து, தொட்டியின் மூடியைத் திறந்தார். கேனின் மேல் கடையின் முத்திரை கூடப் பிரியாமல் இருந்தது.

"ஏண்ணே, பக்கத்துலயே குழாய் இருக்கே?" என்றாள்.

"குழாய்த் தண்ணியா?" அவர் முத்திரையைக் கிழித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "செத்துப் போயிரும்மா. போன வாரமே சாரு சொல்லிட்டாரு, கடையில வாங்கி ஊத்துன்னு."

"எந்த சாரு?"

அவர் கவுண்டரைக் காட்டினார்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எழுத்தரை எட்டிப் பார்த்தார்கள். அவள் தாளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். "இவரு சொன்னத அப்படியே எழுதுங்க சார். தேதி போட்டு."

எழுத்தர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை. கேன் தண்ணீர் குபுகுபுவென்று இறங்க இறங்க, கொழுத்த மீன்கள் அந்த அறிவிப்பின் குறுக்கே அங்குமிங்கும் நீந்திக்கொண்டிருந்தன.