பேரிலேயே காய்

என் கார்னேஷன் பூவைக் குறை சொல்ல இதுவரை யாரும் பிறக்கவில்லை. அப்படி இருக்கையில், காலை ஏழு மணிக்கு அண்ணன் போன் போட்டு, "இந்த லோடும் தூங்கிடுச்சும்மா. மேடை அலங்காரக்காரர் திருப்பி அனுப்பிட்டார். நாளையிலேருந்து வேற தோட்டத்துல எடுத்துக்கறேன்," என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொண்டால் பூ தூங்கிவிட்டது என்பது எங்கள் தொழில் பேச்சு. அது மறுபடி விழிக்காது. மூன்று வாரத்தில் மூன்று லோடு தூங்கிவிட்டது. என் பூ முழுவதும் அண்ணனின் மொத்த வியாபாரப் பூக்கடைக்குத்தான் போகிறது. அவன் கைவிட்டால் நான் பூ வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தைப் பிரித்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

போன வார லோடோடு வெட்டிய ஒரு கொத்து என் சமையலறை ஜன்னலில் எட்டு நாளாக விரிந்தே இருந்தது. அதை ஜாடியோடு தூக்கிக்கொண்டு போய் அண்ணன் மேஜையில் டொக்கென்று வைத்தேன்.

"இதுவும் போன வார வெட்டுதான். வெறும் ஜன்னல்ல எட்டு நாள். உன் குளிர் அறையில ரெண்டு நாள் தாங்கல. கோளாறு யார்கிட்ட?"

"மெஷின் நல்லாத்தான் ஓடுது. பார்த்துட்டேன்," என்றான் அண்ணன்.

"நீ பார்த்த லட்சணம் தெரியாதா. சாவியைக் கொடு."

குளிர் அறைச் சாவி அண்ணியின் தம்பியிடம் இருந்தது. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சட்டம். எழுதியதை எழுதியபடி செய்வான், ஒரு எழுத்து கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். கதவைத் திறந்ததுமே பச்சைத் தண்டு வாசனைக்கு அடியில் இனிப்பாக ஒன்று மூக்கில் ஏறியது. வாளிகளை நகர்த்திக்கொண்டு போனேன். கடைசி மூலையில், சாக்கு போர்த்தி எட்டுப் பெட்டிகள் இருந்தன.

"என்ன இது?"

"பேரிக்காய். பக்கத்துப் பழக்கடைக்காரரோடது. இடம் சும்மாதானே கிடக்குன்னு அக்கா வைக்கச் சொன்னாங்க. மூணு வாரமா இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். பழுக்கும் காய் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடும். பேரிக்காய் குளிரிலும் அதை நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியாது, கார்னேஷனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். துளி பட்டாலே போதும், முதுமை வந்துவிட்டதென்று பூ மூடிக்கொள்ளும். மூடிய பூவும் தன் பங்குக்கு அதே வாயுவை விட்டு அடுத்த பூவையும் படுக்க வைக்கும்.

"கதவுல பழம் வைக்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா உனக்கு?"

சட்டத்தின் முகம் வாடிப்போனது. "படிச்சுட்டுத்தாங்க வச்சேன். அவர் ஆப்பிள் கொண்டு வந்தார், முடியாதுன்னுட்டேன். கொய்யாப்பழத்தையும் திருப்பி அனுப்பினேன். இது பேரிலேயே காய்னு இருக்கே."

அடிப்பதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் நிதானமாக நடந்து கதவுப் பக்கம் போய் அட்டையை உற்றுப் பார்த்தான்.

"இது உன் கையெழுத்தும்மா."

என் கையெழுத்தேதான். கடை திறந்த வருஷம் பெரிய மேதாவி மாதிரி எழுதி ஒட்டியது. எத்திலீன் விடும் எதையும் வைக்காதே என்று எழுதினால் யாருக்கும் புரியாதென்று, பழம் என்று சுருக்கியவளும் நான்தான். அசடு வழிந்தது. மறைக்க வழியில்லை.

"சரி, எழுத்து என்னோடது. தப்பு என்னோடதுதான். சட்டம், உன்மேல கோபம் இல்லப்பா. பெட்டியை வெளிய தூக்கு, கதவை அகலத் திற." அண்ணன் பக்கம் திரும்பினேன். "ஆனா ஒண்ணு. மூணு லோடு போனதைவிட, நான் பழைய பூவை அனுப்பியிருப்பேன்னு நீ நினைச்சியே, அதுதான் எனக்குத் தாங்கல."

நானே அலங்காரக்காரருக்குப் போன் போட்டேன். "நாளைக்குத் தோட்டத்திலேருந்து நேரா உங்க இடத்துக்கே கொண்டு வரேன். ஆறு நாள் வச்சுப் பாருங்க. ஒண்ணு தூங்கினாலும் அப்புறம் உங்க வாசல் மிதிக்க மாட்டேன்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க," என்றார் அவர். "உங்க அண்ணனே பூதான் சரியில்லைன்னு சொன்னாரே."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். கடையில் வாளி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னான்.

"நான் சொன்னது தப்புங்க. பூ என் தங்கச்சியோடது, அதுல ஒரு குறையும் கிடையாது. கெடுத்தது என் அறை. நாளைக்கு அவ கொண்டு வர்றதுக்கு நான் பொறுப்பு."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். பிறகு அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எத்தனை வாளின்னு கேக்கறார்."

"பூத்திருக்கறது அத்தனையும்னு சொல்லு," என்றேன்.